படுத்திருக்கும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர்?

 

இன்றைய பேச்சு தண்ணீரைப் பற்றியது. கொஞ்சம் கணக்கும் உண்டு. கணக்கு என்றதும் யாரும் எழுந்து போக வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கையில் ஒரு குச்சியும் கொஞ்சம் நூலும் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு ஊரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி மாதம். கிணறு வற்றிவிட்டது. அடிபம்பில் காற்றுதான் வருகிறது. இரண்டு நாளைக்கு ஒரு முறை டிராக்டர் ஒரு டேங்கரை இழுத்துக்கொண்டு வருகிறது. பெரிய பீப்பாயைப் படுக்க வைத்த மாதிரி அந்த டேங்கர் இருக்கும். மேலே ஒரு மூடி. பின்னால், அடியில் ஒரு குழாய்.

ஊரில் நான்கு தெரு. தெருவுக்கு முப்பது வீடு. தண்ணீருக்காகத் தினமும் சண்டை. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு முடிவு செய்தார்கள். ஒரு நீளமான குச்சியை எடுத்து, டேங்கரின் உயரத்துக்கு வெட்டினார்கள். அதை நான்கு சம பாகமாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். மேலே உள்ள முதல் பாகம் முதல் தெருவுக்கு. அடுத்தது இரண்டாம் தெருவுக்கு. அதற்கு அடுத்தது மூன்றாம் தெருவுக்கு. அடியில் உள்ளது கடைசித் தெருவுக்கு. குச்சியை விட்டுப் பார்ப்பது, கோடு வந்ததும் குழாயை மூடுவது, வண்டியை அடுத்த தெருவுக்கு ஓட்டுவது. இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

ஆனால் சண்டை ஓயவில்லை. நடுவில் உள்ள இரண்டு தெருக்களில் வீட்டுக்கு மூன்று குடம் கிடைத்தது. கடைசித் தெருவில் வீட்டுக்கு இரண்டு குடம்தான். அங்கே இருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்குக் கோபம் வந்தது.

“வழியிலே யாருக்கோ தண்ணீரைத் திறந்து விடுகிறாயா, தம்பி?” என்று டிரைவரைக் கேட்டார் ஒரு பாட்டி.

“சத்தியமாக இல்லை, பாட்டி. குச்சியை நீங்களே விட்டுப் பாருங்கள்” என்றார் டிரைவர்.

பாட்டி பார்த்தார். குச்சியில் தண்ணீர் சரியாகக் கடைசிக் கோட்டில்தான் இருந்தது. ஆனாலும் அறுபது குடம் நிரம்புவதற்குள் குழாய் நின்றுவிட்டது.

டிரைவர் திருடவில்லை. நடுத் தெருக்காரர்களும் திருடவில்லை. குச்சியில் போட்ட கோடும் சமமாகத்தான் இருந்தது. பின்னே தண்ணீர் எங்கே போயிற்று?

வட்டம் செய்த வேலை

அரிசி போட்டு வைக்கும் வட்டமான டப்பா எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதை நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றினால், ஒவ்வொரு விரல் உயரத்துக்கும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்கும். ஏனென்றால் அடியிலும் நடுவிலும் மேலேயும் அதன் அகலம் ஒன்றுதான். கால் உயரம் என்றால் கால் டப்பா தண்ணீர். இதில் சிக்கல் எதுவும் இல்லை.

அதே டப்பாவைப் படுக்க வைத்துப் பாருங்கள். இப்போது அடிப்பக்கம் குறுகல், நடுவில் அகலம், மேலே போனால் மறுபடியும் குறுகல். ஆகவே அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் பிடிக்கும். நடுவில் ஒரு விரல் உயரத்துக்கு நிறையப் பிடிக்கும்.

அந்த ஊர் டேங்கரின் உள்ளளவு இது: குறுக்கே 120 சென்டிமீட்டர். நீளம் 400 சென்டிமீட்டர், அதாவது 4 மீட்டர். நடுவில் தண்ணீரின் அகலம் முழு 120 சென்டிமீட்டர். அங்கே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 48 லிட்டர் தண்ணீர் வெளியே போயிருக்கும். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால், அது மூன்று குடத்துக்கு மேல். அடியில் கடைசி ஒரு சென்டிமீட்டரில் எவ்வளவு இருக்கும்? 6 லிட்டர் கூட இல்லை. அரைக் குடம் கூட நிரம்பாது. குச்சி இரண்டையும் ஒரே ஒரு சென்டிமீட்டர் என்றுதான் காட்டும்.

குச்சி பொய் சொல்லவில்லை. அது ஆழத்தைச் சொல்கிறது. ஊரார் கேட்டது ஆழத்தை அல்லவே, தண்ணீரை.

டேங்கர் முழுவதும் எவ்வளவு?

முதலில் டேங்கர் நிறைந்திருந்தால் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க வேண்டும். டேங்கரின் பின்பக்கத் தகடு ஒரு வட்டம். அந்த வட்டத்தின் பரப்பு தெரிந்தால், அதை நீளத்தால் பெருக்கினால் போதும்.

வட்டத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உள்ள நீளம் விட்டம். அதில் பாதி ஆரம். வட்டத்தைச் சுற்றி நூல் பிடித்தால் வரும் நீளம் சுற்றளவு. எந்த வட்டத்தை எடுத்தாலும் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். வளையலிலும் சரி, கிணற்றிலும் சரி, இதே கதைதான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை நம் நாட்டில் ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதி வைத்தார். விட்டம் 20,000 என்றால் சுற்றளவு ஏறக்குறைய 62,832 என்றார் அவர். வகுத்துப் பார்த்தால் 3.1416. நம் வேலைக்கு 3.14 போதும்.

வட்டத்தின் பரப்புக்கும் அவர் வழி சொல்லியிருக்கிறார். பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. விட்டம் 120. அதை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு 376.8. அதில் பாதி 188.4. பாதி விட்டம் 60. இரண்டையும் பெருக்கினால் 11,304. இதுதான் தகட்டின் பரப்பு, சதுர சென்டிமீட்டரில்.

இதை நீளம் 400-ஆல் பெருக்கினால் 45,21,600 கன சென்டிமீட்டர். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். ஆகவே ஆயிரத்தால் வகுத்தால் 4,521 லிட்டரும் சொச்சமும் வரும். சொச்சத்தை விட்டுவிடலாம்.

நான்கு தெருவுக்கும் சமமாகப் பிரித்தால் தெருவுக்கு 1,130 லிட்டர். அதாவது 75 குடம். முப்பது வீட்டுக்கு வீட்டுக்கு இரண்டரைக் குடம். இதுதான் நியாயமான பங்கு.

கடைசித் தெருவுக்கு வந்தது எவ்வளவு?

இனிமேல்தான் குச்சியும் நூலும் வேண்டும். தரையில் ஒரு முளை அடியுங்கள். அதில் 60 சென்டிமீட்டர் நூலைக் கட்டுங்கள். நூலின் மறுமுனையில் ஒரு ஆணியைப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டால், டேங்கர் தகட்டின் அளவுக்கே ஒரு வட்டம் கிடைக்கும்.

அதே 60 சென்டிமீட்டர் நூலை இப்போது வட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். ஒரு முனை வட்டத்தின் மேல் ஓரிடத்தில் இருக்கட்டும். மறுமுனை வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து மறுபடி அளந்து அடுத்த புள்ளி. இப்படியே போனால் சரியாக ஆறு முறையில் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். கூடவும் இராது, குறையவும் இராது. வண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். சக்கரத்துக்கு ஆறு வட்டைகளைச் சமமாகப் பிரிக்க அவர்கள் வேறு கணக்கைத் தேட வேண்டியதில்லை. ஆரத்தின் அளவே போதும்.

ஆறு புள்ளிகளில் கீழே உள்ள ஒன்றை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு பக்கமும் உள்ள புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் சேருங்கள். அந்தக் கோடு வட்டத்தின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டர்! மொத்த உயரம் 120. அதில் கால் பாகம் 30. ஊரார் குச்சியில் போட்ட கடைசிக் கோடும் அதுதான். பாட்டி பார்த்த தண்ணீர் மட்டம் அதுதான்.

இப்போது நடுப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டின் இரண்டு முனைக்கும் இரண்டு கோடு போடுங்கள். விசிறி போல ஒரு துண்டு தெரியும். அந்த விசிறி முழு வட்டத்தில் எத்தனை பாகம்? ஆறு புள்ளிகளில் இரண்டு இடைவெளியை அது பிடித்திருக்கிறது. ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று. ஆகவே விசிறியின் பரப்பு 11,304-இல் மூன்றில் ஒன்று: 3,768.

ஆனால் விசிறி முழுவதும் தண்ணீர் இல்லை. நடுப்புள்ளிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே ஒரு முக்கோணம் இருக்கிறது. அது காலி. அதைக் கழிக்க வேண்டும். முக்கோணத்தின் அடிக்கோட்டை நூலால் அளந்தால் 104 சென்டிமீட்டர் வரும். அதன் உயரம் 30. இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் 1,560.

3,768-இல் 1,560 போனால் மீதி 2,208. நீளம் 400-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 883 லிட்டர்.

கடைசித் தெருவுக்குச் சேர வேண்டியது 1,130 லிட்டர். வந்தது 883 லிட்டர். குறைவு 247 லிட்டர். பதினாறு குடத்துக்கு மேல்! பாட்டி சொன்னது சரிதான். அறுபது குடம் நிரம்பாது, ஐம்பத்தொன்பதோடு நின்றுவிடும்.

நடுத் தெருக்களுக்கு எவ்வளவு போயிற்று? பாதி டேங்கர் 2,260 லிட்டர். அதில் அடியில் உள்ள 883-ஐக் கழித்தால் 1,377 லிட்டர். ஏறக்குறைய 92 குடம். வீட்டுக்கு மூன்று குடம் வந்த காரணம் இதுதான்.

முதல் தெருவுக்கு? மேல்பக்கமும் அடிப்பக்கம் போலவே குறுகல். ஆகவே முதல் தெருவுக்கும் அதே 883 லிட்டர்தான். அவர்களுக்கும் பதினாறு குடம் நஷ்டம். பின்னே அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? அந்தத் தெருவில் சில வீடுகளில் சொந்த போர் இருந்தது. குறைந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. இருக்கிற வீட்டில் குறைந்தால் கண்ணில் படாது. இல்லாத வீட்டில் குறைந்தால் அன்றைக்குச் சோறு வடிக்க முடியாது.

கோட்டை எங்கே போட வேண்டும்?

குறையைக் கண்டுபிடித்தாயிற்று. இனி கோட்டை மாற்ற வேண்டும். கீழேயும் மேலேயும் உள்ள பாகங்களைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். நடுவில் உள்ளவற்றைச் சிறிதாக்க வேண்டும். எவ்வளவு?

எந்தப் படுத்த தொட்டியானாலும், அதன் உயரத்தைப் பத்துப் பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்தால் 100 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு இருக்கும் என்பது இதோ:

1 பாகம் உயரம் – 5 லிட்டர்
2 பாகம் – 14 லிட்டர்
3 பாகம் – 25 லிட்டர்
4 பாகம் – 37 லிட்டர்
5 பாகம் – 50 லிட்டர்
6 பாகம் – 63 லிட்டர்
7 பாகம் – 75 லிட்டர்
8 பாகம் – 86 லிட்டர்
9 பாகம் – 95 லிட்டர்
10 பாகம் – 100 லிட்டர்

இந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். விசிறியும் முக்கோணமும் போட்ட அதே முறையில்தான் இது கணக்கிடப்பட்டது. விசிறி மூன்றில் ஒன்றாக வராத இடங்களில் கோணம் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் கணக்கு படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் செய்து காட்டுவார்கள். பிள்ளைகள் அருகில் இல்லையா? கட்டம் போட்ட நோட்டில் வட்டம் வரைந்து, கோட்டுக்குக் கீழே எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள். மொத்தக் கட்டத்தில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். பட்டியலில் உள்ளதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பட்டியலில் மூன்றாம் வரியைப் பாருங்கள். 3 பாகம் உயரத்தில் 25 லிட்டர். அதாவது கால்வாசி. ஏழாம் வரியில் 75. அதாவது முக்கால்வாசி. ஆகவே குச்சியில் கோடு போட வேண்டிய இடம் பத்தில் மூன்று, பாதி, பத்தில் ஏழு. 120 சென்டிமீட்டர் உயரமுள்ள டேங்கரில் அடியிலிருந்து 36, 60, 84 சென்டிமீட்டர். பழைய கோடுகள் 30, 60, 90-இல் இருந்தன. நடுக்கோடு மாறவில்லை. மற்ற இரண்டும் ஆறு ஆறு சென்டிமீட்டர் நகர்ந்தன. நான்கு விரல் அகலம் கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் முப்பது வீட்டுக்கு அரை அரைக் குடம் தண்ணீர் இருந்தது.

டிரைவருக்கும் நியாயம் வேண்டும்

இந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவுவது அல்ல. டேங்கர் ஒரு நாள் குறைவாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் மேலே 30 சென்டிமீட்டர் காலி. “கால்வாசி குறைகிறது. கால்வாசிப் பணத்தைப் பிடித்துக்கொள்வோம்” என்று ஊரார் சொன்னால் அது தவறு. மேல் கால் உயரத்தில் கால்வாசித் தண்ணீர் பிடிக்காது; ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். டேங்கர் தண்ணீருக்கு ஆயிரம் ரூபாய் பேசியிருந்தால், பிடிக்க வேண்டியது 195 ரூபாய். 250 பிடித்தால் டிரைவருக்கு 55 ரூபாய் நஷ்டம்.

அதே போல, “பாருங்கள், அடியில் இன்னும் கால் டேங்கர் இருக்கிறது” என்று டிரைவர் சொன்னால், அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

டீசல் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இது பயன்படும். 200 லிட்டர் இரும்பு டிரம்மைப் படுக்க வைத்துக் குழாய் மாட்டியிருப்பார்கள். அதன் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர். சுத்தமான குச்சியை விட்டால் 17 சென்டிமீட்டர் நனைகிறது என்றால், அது பத்தில் மூன்று பாகம். ஆகவே கால் டிரம், ஏறக்குறைய 50 லிட்டர். டீசல், பெட்ரோல் இருக்கும் இடத்தில் தீக்குச்சி கிழித்து எட்டிப் பார்க்கவே கூடாது. காலி டிரம் என்றாலும் உள்ளே ஆவி நிற்கும். அது தீப்பிடித்து வெடிக்கும்.

பெட்ரோல் பங்க்குகளிலும் தரைக்கு அடியில் தொட்டி படுத்துத்தான் இருக்கிறது. அங்கே ஒரு அளவுகோலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். ஆழத்தை அப்படியே லிட்டராக எழுதிவிட மாட்டார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு அட்டவணை உண்டு. இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். இப்போது பல பங்க்குகளில் கருவியே அளந்து காட்டிவிடுகிறது. அந்தக் கருவிக்கு உள்ளேயும் இதே வட்டக் கணக்குதான் ஓடுகிறது.

ரயிலில் வந்த தண்ணீர்

2016-ஆம் ஆண்டு மராட்டிய மாநிலம் லாத்தூரில் கடும் வறட்சி. குடிக்கத் தண்ணீர் இல்லை. மீரஜ் என்ற ஊரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஏப்ரல் 12-ஆம் தேதி முதல் ரயில் லாத்தூர் வந்து சேர்ந்தது. பத்து டேங்கர் வேகன்களில் சுமார் 5 லட்சம் லிட்டர் தண்ணீர். பிறகு ஐம்பது வேகன் கொண்ட ரயில்கள் ஓடின. தமிழ்நாட்டிலும் 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு இப்படி ஒரு தண்ணீர் ரயில் வந்தது. அதில் ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர்.

ஒரு வேகனுக்கு 50,000 லிட்டர். வேகனும் படுத்த உருளைதான். அதில் கால் உயரத்தைக் கால்வாசித் தண்ணீர் என்று ஒருவர் நினைத்தால், ஒரே வேகனில் 2,700 லிட்டருக்கு மேல் தவறிப்போகும். 180 குடம்! தொட்டி பெரிதாகப் பெரிதாகத் தவறும் பெரிதாகும்.

வெளிநாட்டிலும் இந்தச் சந்தேகம் ஒருவருக்கு வந்தது. அவர் பெயர் கெப்ளர். கோள்கள் சூரியனை எந்தப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டு சொன்ன பெரிய விஞ்ஞானி. 1613-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்தபோது, புதிதாகக் கல்யாணம் ஆன சமயத்தில், வீட்டுக்குத் திராட்சை மது வாங்கினார். வியாபாரி பீப்பாயின் துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டார். எவ்வளவு நீளம் போகிறது என்று பார்த்தார். உடனே விலை சொன்னார். பீப்பாய் நீளமா குட்டையா என்று பார்க்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு இது சரியா என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1615-இல் மதுப் பீப்பாய்களை அளப்பது பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். பின்னாளில் வளர்ந்த உயர் கணிதத்துக்கு அந்தப் புத்தகமும் ஒரு படிக்கல். வியாபாரியிடம் ஏமாந்துவிடக் கூடாது என்று கவலைப்படுவது படிக்காதவர்களுக்கு மட்டும் உள்ள கவலை என்று யாரும் எண்ண வேண்டாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

தொட்டியின் அளவை உட்புறமாக எடுக்க வேண்டும். குடிநீர் டேங்கரில் விடும் குச்சியைக் கழுவிக் காய வைத்துத் தனியாக வைத்திருக்க வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் சாத்திய குச்சியை எடுத்து விடக் கூடாது. அளப்பதற்காக யாரும் டேங்கருக்கு உள்ளே இறங்கக் கூடாது.

டேங்கர் முன்பக்கமோ பின்பக்கமோ சரிந்து நின்றால் குச்சி தவறாகக் காட்டும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பின் மூடியில் ஆழம் அதிகமாகத் தெரியும். ஆகவே சமதரையில் நிறுத்தி, நடு மூடி வழியாக அளப்பது நல்லது. இரண்டு முனைத் தகடும் வெளியே உப்பியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அது பெரிய வித்தியாசம் இல்லை.

சில லாரி டேங்கர்கள் சரியான வட்டமாக இருப்பதில்லை. அமுக்கிய மாதிரி நீள்வட்டமாக இருக்கும். அதற்கு வேறு பட்டியல் வேண்டுமா? வேண்டாம். முழுத் தொட்டியின் கொள்ளளவு மாறும்; ஆனால் உயரத்தைப் பத்துப் பாகமாகப் பிரித்தால் அதே 5, 14, 25, 37, 50 தான் வரும். இது நல்ல வசதி.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. டேங்கர் நிறைந்து வரும் ஒரு நாளில், ஒரே அளவுள்ள குடங்களால் பிடித்து எண்ணிக்கொண்டே வாருங்கள். 75 குடம் ஆனதும் குழாயை மூடிவிட்டுக் குச்சியை விடுங்கள். நனைந்த இடத்தில் ஒரு கோடு. அடுத்த 75-க்கு ஒரு கோடு. அதற்கு அடுத்த 75-க்கு இன்னொரு கோடு. கோடுகள் எங்கே விழுகின்றன என்று நாடாவால் அளந்து பாருங்கள். 84, 60, 36-க்குப் பக்கத்தில்தான் விழும்.

அந்த ஊரிலும் கடைசியில் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். தரையில் போட்ட வட்டத்தை எல்லோரும் நம்பிவிடுவார்களா, என்ன? நான்கு தெருவிலிருந்தும் தெருவுக்கு ஒருவர் வந்து நிற்க வேண்டும். பாட்டி குடத்தை எண்ண வேண்டும். டிரைவர் குச்சியைப் பிடிக்க வேண்டும். கோட்டைக் கத்தியால் ஆழமாகக் கீறிக்கொள்ள வேண்டும். சாக்கட்டியால் போட்ட கோடு தண்ணீரில் அழிந்துவிடும்.